வருமானம் நிற்கும் மாதத்துக்கு ஒரு வங்கி

திருத்தங்கலில் வங்கிக்குப் பஞ்சம் இல்லை. 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட இந்த ஊரிலிருந்து சிவகாசி பஜாருக்குப் பேருந்து ஏறினால் அரசு வங்கி, தனியார் வங்கி, கூட்டுறவு வங்கி, கிராம வங்கி, அஞ்சலகம் எல்லாமே எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் அச்சகத்துக்கும் போகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் வங்கியைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால், பதில் சொல்வதற்குச் சற்று யோசிக்க வேண்டியிருக்கும். ஆலை அலுவலகம் ஆதார் நகலை வாங்கி ஒரு கணக்கைத் திறந்து கொடுக்கிறது. பிள்ளையின் உதவித்தொகைக்காகப் பள்ளிக்கூடம் இன்னொன்று கேட்கிறது. மகளிர் குழுக் கடனுக்கு மூன்றாவது. சிம் கார்டு வாங்கப் போன கடையில் கைரேகை வைத்ததில் நான்காவது. பீரோவில் நாலு பாஸ்புக் கிடக்கும். எதில் அரசின் மகளிர் உரிமைத் தொகை வந்து விழுகிறது, எதில் அபராதம் போய்க்கொண்டிருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்தவர் வசதிக்காகத் திறக்கப்பட்ட கணக்கு அடுத்தவர் வசதிக்குத்தான் உதவும். கூலி வாங்குபவர், சம்பளம் வருகிற சனிக்கிழமையை மனதில் வைத்து வங்கியைத் தேடக் கூடாது. வேலை நின்றுபோகிற மாதத்தையும் விபத்து நடக்கிற நாளையும் மனதில் வைத்துத்தான் தேட வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது.

முதலில் தூரம். கனடாவின் வடகோடியில் நூனவுட் என்ற பெரும் நிலப்பகுதி இருக்கிறது. மொத்தம் 25 ஊர்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே சாலை கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும். வங்கிக் கிளை விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களில் மட்டுமே. மற்ற ஊர்க்காரர்கள் சம்பளக் காசோலையை மளிகைக் கடையில் கொடுத்துப் பணமாக்கிக்கொள்கிறார்கள். அங்கே தூரம் கிலோமீட்டரில் இருக்கிறது என்றால் நம் வட்டாரத்தில் அது மணிக்கணக்கில் இருக்கிறது. விடிந்ததும் ஆலை வண்டியில் ஏறி வெம்பக்கோட்டைப் பக்கமோ சாத்தூர்ப் பக்கமோ போய், பொழுது சாய வீடு திரும்புகிற பெண்ணுக்குப் பகல் பத்து மணிக்குத் திறந்து மாலையில் மூடுகிற வங்கி, தெருமுனையில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும் வங்கி விடுமுறை. ஆகவே வங்கிக்கு ஒருமுறை போவதன் விலை ஒருநாள் கூலி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அரை சதவீத வட்டி கூடுதல் என்று வேறு ஊர்க் கிளையில் கணக்கு வைப்பது, வட்டியில் வந்ததைக் கூலியில் விடுவதாகும்.

இந்த நேரப் பிரச்சினைக்குத்தான் 2006இல் ரிசர்வ் வங்கி வங்கி முகவர் முறையைக் கொண்டுவந்தது. வீட்டருகே கடையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம், போடலாம். முகவர் செய்வதற்கு வங்கிதான் பொறுப்பு. இது வாடிக்கையாளர் அறிந்திருக்க வேண்டிய முதல் உரிமை. ஆபத்தும் அதே கருவியில்தான் இருக்கிறது. ‘ரேகை விழவில்லை, இன்னொரு தடவை வையுங்க’ என்று சொல்லும்போது முதல் தடவையே பணம் எடுக்கப்பட்டிருக்கலாம். வெடிமருந்தும் பசையும் தோய்ந்து ரேகை தேய்ந்துபோன விரல்கள் இங்கே ஏராளம் என்பதால் இந்த ஏமாற்று இங்கே எளிதில் எடுபடும். ஒவ்வொரு முறையும் அச்சிட்ட ரசீது வாங்குங்கள்; ரேகை தவறியதாகச் சொன்னாலும் அதற்கும் சீட்டு வரும், அதையும் கேளுங்கள். கணக்கோடு இணைத்த கைபேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

இந்தத் தொழிலின் வருமானத்துக்கு மேடும் பள்ளமும் உண்டு. தீபாவளிக்கு முன்னால் வேலை குவியும், போனஸ் வரும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மூடிக்கிடக்கும். மழை பெய்தால் வேலை இல்லை. விபத்து நடந்தால் ஆய்வு, உரிமம் நிறுத்தம். 2018 அக்டோபரில் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் எதிராக உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, அந்தத் தீபாவளி முடிந்து மாதக்கணக்கில் ஆலைகள் மூடிக்கிடந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது. குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று அபராதம் போடும் கணக்கு, மிகச் சரியாக இந்த மாதங்களில்தான் கை வைக்கும். கையில் இருக்கும்போது எதுவும் கேட்காமல், இல்லாதபோது பிடித்துக்கொள்வது அதன் இயல்பு. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறியதும், பழைய அபராத பாக்கிக்கென்று சில வங்கிகள் அதிலிருந்து பிடித்துக்கொண்டதாகத் தமிழகம் முழுவதிலுமிருந்து புகார் எழுந்தது. பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார். 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் புகார் செய்யலாம் என்றும் அரசு அறிவித்தது. அந்தப் பெண்களில் பலருக்கு அப்படியொரு அபராதம் வளர்ந்துகொண்டிருந்ததே அன்றுதான் தெரியவந்தது.

அபராதமே இல்லாத கணக்கைக் கேட்டு வாங்குவது சலுகையல்ல, உரிமை. அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று அதற்குப் பெயர். பூஜ்ஜிய இருப்பு போதும். ஏடிஎம் அட்டைக்குக் கட்டணம் இல்லை. பணம் போடுவதற்குக் கட்டணம் இல்லை. மாதத்தில் குறைந்தது நான்கு முறை இலவசமாக எடுக்கலாம். எல்லா வங்கிகளும், தனியார் வங்கிகள் உட்பட, இதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2012ஆம் ஆண்டு உத்தரவு. ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். ஒரே வங்கியில் இதையும் சாதாரண சேமிப்புக் கணக்கையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. ஏற்கெனவே இருக்கும் கணக்கை இந்த வகைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். இதில் வங்கிக்கு லாபம் இல்லை என்பதால் கவுன்டரில் யாரும் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். கேட்டாலும் ‘அதெல்லாம் இப்போ இல்லைம்மா’ என்ற பதில் வரலாம். அதை எழுத்தில் தரச் சொன்னால் பெரும்பாலும் பதில் மாறிவிடும். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலும், கனரா வங்கி 2025 ஜூனிலும், இந்தியன் வங்கி அதற்கு அடுத்த மாதமும் சாதாரண சேமிப்புக் கணக்குகளுக்கே இந்த அபராதத்தை நீக்கிவிட்டன. அபராதம் போடும் வங்கிகளுக்கும் வரம்பு உண்டு: அபராதத்தால் கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2015 ஏப்ரலிலிருந்தே விதித்திருக்கிறது. ‘மைனஸில் இருக்கிறது, கட்டிவிட்டு மூடுங்கள்’ என்று யாராவது சொன்னால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

தனியார் வங்கியில் மரியாதை கிடைக்கிறது, வரிசை இல்லை, செயலி நன்றாக வேலை செய்கிறது, அரசு வங்கியில் பாஸ்புக் பதிவதற்குள் அரை நாள் போய்விடுகிறது என்று ஒரு வாதம் உண்டு. அதில் பொய் இல்லை. அச்சகம் நடத்துபவர், பட்டாசு முகவர் போல நாள்தோறும் பணம் புழங்குகிறவர்கள் அந்தச் சேவைக்குக் காசு கொடுப்பது சரியான கணக்கு. ஆனால் அந்த மரியாதை கணக்கிலுள்ள இருப்பைப் பொறுத்தது. 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி பெருநகரப் புதுக் கணக்குகளுக்கு மாதச் சராசரி இருப்பை 50,000 ரூபாயாக உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் 15,000க்கு இறக்கியது. சட்டப்படி அதில் தவறில்லை. எந்தத் தொகையை வைப்பது என்பது வங்கியின் விருப்பம் என்று ரிசர்வ் வங்கியே சொன்னது. விருப்பம் அவர்களுடையது என்னும்போது வாரக்கூலிக்காரர் தன் முதன்மைக் கணக்கை அங்கே வைக்க வேண்டிய அவசியம் என்ன? இரண்டாவது கணக்காக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆலை நிர்வாகம் சொல்லும் வங்கியில்தான் கணக்கு இருக்க வேண்டும் என்பதும் கட்டாயம் அல்ல. கூலியைத் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தலாம் என்று சட்டம் சொல்கிறது; அது எந்த வங்கி என்று முடிவு செய்யும் அதிகாரத்தை முதலாளிக்குத் தரவில்லை. எல்லோருக்கும் ஒரே வங்கி என்றால் கணக்கருக்கு வேலை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் நெஃப்ட் என்ற பணப் பரிமாற்ற முறை 2019 டிசம்பரிலிருந்து நாள் முழுவதும் இயங்குகிறது. எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் போகும். அந்த வேலை மிச்சத்துக்காக நூறு பேர் தலா ஒருநாள் கூலியை இழந்து வேறு ஊர்க் கிளைக்கு அலைவது நியாயமில்லை.

நாலு கணக்கு வைத்திருப்பதில் இன்னொரு சிக்கல் ஆதாரில் இருக்கிறது. அரசின் நேரடிப் பணப்பயன்கள் பலவும் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கைப் பார்த்து வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்குப் போகும். 2017இல் ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில், சிம் சரிபார்ப்புக்காக ஆதார் கொடுத்தவர்களுக்குத் தெரியாமலேயே கணக்குகள் திறக்கப்பட்டு, பல லட்சம் பேரின் சமையல் எரிவாயு மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் நடவடிக்கை எடுத்த பிறகே அது நின்றது. எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். மாற்ற வேண்டுமானால் விரும்பும் வங்கியில் ஒரு படிவம் கொடுத்தால் போதும்.

போட்ட பணம் பத்திரமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டின் பழைய அனுபவம் கசப்பானது. 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. அந்த அதிர்ச்சியில்தான் அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூழ்கியது. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகுதான் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டு, 1962 ஜனவரியிலிருந்து டெபாசிட் காப்பீட்டைக் கொண்டுவந்தது. அன்று வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம். ஒருவருக்கு ஒரு வங்கியில் உள்ள எல்லாக் கிளைகளின் எல்லா டெபாசிட்டும், அசலும் வட்டியும் சேர்த்து, இந்த 5 லட்சத்துக்குள் அடங்கும். 2021இல் செய்த திருத்தத்தின்படி, ரிசர்வ் வங்கி ஒரு வங்கியில் பணம் எடுப்பதை முடக்கினால் 90 நாட்களுக்குள் இந்தத் தொகை கைக்கு வர வேண்டும். கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 17இல் முடக்கப்பட்டு, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றானபோது எழுந்த பீதி நினைவிருக்கும். பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட்தாரர் யாருக்கும் ஒரு ரூபாய் நட்டமில்லை, பங்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் எல்லாம் போனது.

இந்தக் காப்பீட்டுக் கோட்டுக்கு உள்ளே யார், வெளியே யார் என்பதை வட்டாரப் பெருமிதம் மறைத்துவிடக் கூடாது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி 1962இல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிமீது இந்த வட்டாரத்துக்கு இருக்கும் பற்று இயல்பானது. அதற்கும் ஸ்டேட் வங்கிக்கும் காப்பீட்டு வரம்பு ஒன்றுதான். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பாண்டியன் கிராம வங்கி 2019 ஏப்ரலில் பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது, அதுவும் உள்ளேதான். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி உள்ளே. ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வெளியே. நிதி நிறுவனங்களும் ‘நிதி லிமிடெட்’ என்று பலகை மாட்டியவையும் வெளியே. நகைக்கடைச் சீட்டும் வெளியே. பெயர்ப் பலகையில் ‘பேங்க்கர்ஸ்’ என்று இருப்பதை நம்பிக் குழம்ப வேண்டாம். அஞ்சலகச் சேமிப்பு இந்தக் காப்பீட்டில் வராது. அதற்கு மத்திய அரசே நேரடிப் பொறுப்பு, வரம்பும் இல்லை.

சீட்டைப் பற்றித்தான் கடுமையான மறுப்பு வரும். வங்கியில் பத்தாயிரம் கடன் கேட்டால் பத்துக் காகிதம் கேட்கிறார்கள். சீட்டு எடுத்தால் நாளைக்கே கையில் பணம். வாரா வாரம் ஒருவர் வந்து வசூலிப்பதால்தான் சேமிக்கவே முடிகிறது. வங்கியில் கிடந்தால் எடுத்துச் செலவழித்துவிடுவோம். இந்த வாதத்தை ஏளனம் செய்கிறவர்களுக்கு ஏழை வீட்டுப் பொருளாதாரம் தெரியாது என்றே சொல்வேன். அவசரத்துக்கு நடுவில் எடுக்கும் வசதியில் ஏலச்சீட்டுக்கு ஈடாக வங்கியில் எதுவுமில்லை. ஆனால் தீபாவளிச் சீட்டில் அந்த வசதியும் கிடையாது. ஆண்டு முழுக்கக் கட்டி முடிவில் பணமும் பாத்திரமும் வாங்குவதுதான் என்றால், அதே வேலையை வங்கியின் தொடர் வைப்பு செய்யும். வட்டியும் தரும், காப்பீட்டுக்குள்ளும் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய மாதம் முதிர்வு வருமாறு தவணையை வைத்துக்கொண்டால் சரி. ஏலச்சீட்டு வேண்டுமென்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பாருங்கள். பதிவான சீட்டில் தகராறு வந்தால் சீட்டுப் பதிவாளரிடம் போகலாம், பதிவில்லாததில் எதிரியைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. மாதம் இத்தனை சதவீதம் என்று அள்ளித் தருவதாகச் சொன்ன ஆருத்ரா நிறுவனம் 2022இல் சிக்கியபோது ஏமாந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம், மதுரையில் சிறப்பு நீதிமன்றமும் இருக்கிறது. சொத்தைக் கண்டுபிடித்து, ஏலம் விட்டு, பங்கிட்டுத் தருவதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாணமே முடிந்துவிடும்.

வேறு எந்த ஊரையும்விட இங்கே முக்கியமான ஒன்று விபத்துக் காப்பீடு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று பட்டாசு ஆலை விபத்து நடந்த ஊர்ப் பெயர்கள் சேர்ந்துகொண்டே போகும் பகுதி இது. வங்கிக் கணக்கு இருந்தால் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம்; 18 முதல் 70 வயது வரை; விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ போனால் ஒரு லட்சம். 436 ரூபாயில் ஜீவன் ஜோதி திட்டம். 50 வயதுக்குள் சேர வேண்டும். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். ஜன்தன் ரூபே அட்டையோடும் விபத்துக் காப்பீடு வருகிறது. 2018 ஆகஸ்ட் 28க்குப் பிறகு திறந்த கணக்குகளுக்கு 2 லட்சம். ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அட்டையை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். பீரோவில் பூட்டிய அட்டைக்குப் பணம் வராது. ஆலை நிர்வாகம் தர வேண்டிய இழப்பீடோ ஈஎஸ்ஐ பலனோ, அரசு நிவாரணமோ இந்தக் காப்பீட்டிலிருந்து தனி. ‘அதுதான் இன்சூரன்ஸ் வந்துவிட்டதே’ என்று யாரும் கழித்துக்கொள்ள முடியாது. நியமனதாரர் பெயரைப் பதியாத கணக்கில் இந்தப் பணம் வந்து சேர்வதற்குள் வாரிசுச் சான்றிதழுக்கு அலைச்சல்தான் மிச்சம். 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் பணத்தை வாங்குபவர் மட்டுமே, மற்ற வாரிசுகளின் பங்கு அதனால் போய்விடாது என்பதையும் குடும்பத்தில் இப்போதே பேசிவைப்பது நல்லது.

கடன் வாங்கிய வங்கியிலேயே மொத்தச் சேமிப்பையும் வைக்க வேண்டாம். தவணை தவறினால் உங்கள் டெபாசிட்டிலிருந்து ஈடுசெய்துகொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. வேலை நிற்கிற மாதத்தில்தான் தவணையும் தவறும்.

வங்கி தவறு செய்தால் என்ன வழி? ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் ஐந்து நாட்களுக்குள் திரும்ப வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீட்டை நீங்கள் கேட்காமலே தர வேண்டும். உங்கள் தவறு இல்லாமல் வேறு யாரோ கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தால், தகவல் தெரிந்த மூன்று வேலைநாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் முழு நட்டமும் வங்கியுடையது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போன பணம் உங்களுடையதுதான். எனவே அப்போதும் தயங்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். மற்ற எல்லாப் புகாரையும் முதலில் கிளையில் எழுத்தில் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், கடிதத்திலும் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம். இந்த வழியால் பெரிய வங்கி, சின்ன வங்கி என்ற வேறுபாடு ஓரளவு சமன்படுகிறது. ரிசர்வ் வங்கியில் பதிவில்லாத நிதி நிறுவனத்திலும் பதிவில்லாச் சீட்டிலும் போட்ட பணத்துக்கு இப்படி ஒரு கதவு இல்லை.

ஆகவே வீட்டருகே கிளையோ முகவரோ உள்ள, டெபாசிட் காப்பீட்டுக்கு உட்பட்ட வங்கி ஒன்றில், அபராதம் இல்லாத அடிப்படைக் கணக்கு; அதில் சொந்தக் கைபேசி எண், ஆதார் இணைப்பு, நியமனதாரர். சம்பளமும் உரிமைத் தொகையும் அங்கேயே வரட்டும். தேவையற்ற மற்ற கணக்குகளை மூடிவிடலாம். ஆலை உரிமையாளர்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் ஒரு கோரிக்கை: வங்கி முகாமை வேலை நேரத்தில் மட்டும் நடத்துவதை விட்டு, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு ஏற்பாடு செய்யுங்கள். கடைசியாக ஒன்று: சுரக்ஷா பீமா, ஜீவன் ஜோதி ஆகிய இரண்டு காப்பீடுகளின் ஆண்டுத் தவணையும் மே மாதக் கடைசியில் தானாகக் கணக்கிலிருந்து கழியும். அன்று பணம் இல்லை என்றால் காப்பீடு அறுந்துவிடும். மே மூன்றாம் வாரத்திலேயே உங்கள் கணக்கில் 456 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.